வெள்ளம் வடிந்த வீட்டில் எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

சென்னையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் எங்கள் வீடு. தரைத்தளம். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டி வந்தபோது கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. முதல் தடவை எங்களுக்குப் போன பொருள்களில் பாதியைத்தான் தண்ணீர் கெடுத்தது. மீதியை, தண்ணீர் வடிந்த முதல் சில நாளில் நாங்களே அவசரப்பட்டுக் கெடுத்தோம். பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், வாசல் கதவு, கல்யாண ஆல்பம் எல்லாம் அந்தக் கணக்கு. இரண்டாம் தடவை ஒரு மெத்தையும் ஒரு அலமாரியும் மட்டும்தான் போயின.

உங்கள் வீட்டில் இப்போது எது தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே இன்னும் தண்ணீரோ சேறோ இருக்கிறது

உள்ளே கால் வைக்கும் முன் கரண்ட். தெருவே இருட்டாக இருக்கிறது, கரண்ட் இல்லை என்று நம்பி நுழையக் கூடாது. மழை நின்றதும் எந்த நிமிடமும் லைன் வரலாம். மெயின் சுவிட்ச் தண்ணீருக்கு மேலே இருந்து, நீங்களும் காய்ந்த இடத்தில் நின்று அதைத் தொட முடியுமானால் அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டுதான் தொட முடியும் என்றால் தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி, கம்பத்திலோ பில்லர் பாக்ஸிலோ உங்கள் இணைப்பை நிறுத்தச் சொல்லுங்கள்.

பலரும் மறப்பது இன்வெர்ட்டரை. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வீட்டு ஒயரிங்குக்குள் 230 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதையும் நிறுத்த வேண்டும். பேட்டரி நனைந்திருந்தால் அதன் ஒயர்களை எலக்ட்ரீஷியன்தான் கழற்ற வேண்டும். மாடியில் சோலார் பேனல் இருந்தால் வெயில் அடிக்கும் நேரமெல்லாம் அதிலும் மின்சாரம் இருக்கும்.

அடுத்தது மூக்கு. சிலிண்டர் மிதந்து கவிழ்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் கழன்றிருக்கலாம். கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். அது கேஸ் கசிவுக்கான அவசர எண்.

அப்புறம் பாம்பு. கையில் நீளமான குச்சி வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே போங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால், குளியலறை மூலை, செருப்பு ஸ்டாண்ட், ஈரத் துணிக் குவியல் எல்லாம் அது ஒதுங்கும் இடம். கண்டால் அடிக்கப் போக வேண்டாம், தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள், 101. யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ல் நேராக அரசு மருத்துவமனைக்கு.

கம்பூட்ஸ் இல்லாவிட்டால் ஷூவாவது போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத் தண்ணீர் என்பது மழைத் தண்ணீர் மட்டுமல்ல, சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்தது. காலில் புண்ணோடு அதில் நடந்தவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மழைக்கால முகாமிலோ எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை தேவையா என்று கேளுங்கள். ஆணி, தகரம் கிழித்தால் டி.டி. ஊசி. அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், "வெள்ளத் தண்ணீரில் நடந்தேன்" என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகு, ஒரு பொருளைக்கூட நகர்த்தாமல் போட்டோ எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகத் தெரியும். ஒரு அளவு டேப்பை அதன் பக்கத்தில் பிடித்து ஒரு படம். பொருள்களின் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் ஒரு படம். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, சர்வேயர் வந்து பார்க்கும்வரை கெட்ட பொருளைக் குப்பைக்குப் போடாதீர்கள். வங்கிக் கடனில் வாங்கிய வீடானால் கடனோடு சேர்த்து ஒரு பாலிசியும் எடுத்திருக்க வாய்ப்பு உண்டு, பழைய காகிதங்களைத் தேடிப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும்.

மெயினைப் போட்டதும் டிரிப் ஆகிறது

பிளக் பாயின்ட்டைத் தண்ணீர் தொட்டிருந்தால், எலக்ட்ரீஷியன் வரும்வரை மெயினைப் போடவே கூடாது. வந்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும் என்பது நமக்கும் தெரிந்திருந்தால் நல்லது. வெள்ளம் வந்த வாரத்தில் அவருக்கு ஒரு நாளைக்கு இருபது வீடு, நின்று நிதானமாகப் பார்க்க நேரம் இருக்காது.

முதலில் வீட்டில் சொருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். பெட்டியில் எல்லா எம்.சி.பி.யையும் (ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக உள்ள சுவிட்ச்) கீழே இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். அது நின்றால் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றலாம். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் ஈரம். அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்ற அறைகளுக்கு வெளிச்சம் கொடுத்துவிடலாம்.

எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருக்கும்போதே ஆர்.சி.சி.பி. விழுகிறதா? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வீடுகளில் இருக்கும் சாதாரண எம்.சி.பி. பேஸ் ஒயரை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் ஒயர் அப்படியே தொடர்பில் இருக்கும். நனைந்த ஒரு பிளக் பெட்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் சேற்றின் வழியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்.சி.பி.யை எத்தனை தடவை இறக்கினாலும் டிரிப் நிற்காது. நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் கண்டுபிடிக்க முடியும். எங்கள் வீட்டில் 2023-ல் படுக்கையறையில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்த பிளக் பாயின்ட்தான் காரணம். மூடியைக் கழற்றியதும் அரை டம்ளர் சேற்றுத் தண்ணீர் கொட்டியது, கூடவே ஒரு மண்புழு. வெளியே இருந்து பார்த்தால் அந்த பிளக் பளிச்சென்று காய்ந்திருந்தது.

"ஆர்.சி.சி.பி.தான் தொந்தரவு, டைரக்ட் பண்ணிக் கொடுத்துடறேன்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது விழுவது கோளாறு அல்ல, சுவருக்குள் கசிகிற கரண்ட் குழந்தையின் கை வழியாகப் போகாமல் தடுக்கிறது. இரண்டு நாள் இருட்டில் இருந்துவிடலாம்.

தண்ணீரில் மூழ்கிய சுவிட்ச், சாக்கெட், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் மாற்றுவதுதான் சரி. காய வைத்தால் வேலை செய்வது போலத் தெரியும், ஆனால் உள்ளே துரு பிடித்து, தேவையான நேரத்தில் விழாமல் போகும். பி.வி.சி. ஒயர் பெரும்பாலும் தப்பிவிடும், ஒயர்களின் ஜாயின்ட்தான் கெடும். சுவருக்குள் போகும் குழாயில் தண்ணீர் தங்கியிருந்தால் ப்ளோயர் வைத்து ஊதி வெளியேற்றலாம். கடைசியாக, ஒயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மெக்கர் கருவியை வைத்து ஒவ்வொரு லைனையும் சோதிக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைன் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். மெக்கர் இல்லாத எலக்ட்ரீஷியனும் இருப்பார், வைத்திருப்பவரைத் தேடுங்கள், அந்தச் செலவு தகும்.

கரண்ட் வந்துவிட்டது, ஆனால் கருகல் வாடை

எந்த சுவிட்ச் பெட்டி என்று தேடிக்கொண்டு நிற்காமல் மெயினை இறக்குங்கள். ஜாயின்ட் சூடாகி உருகும் வாடை அது, மீன் வாடை போலவும் இருக்கும். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101.

சின்னத் தீயாகி அணைந்து, சுவர் முழுக்கப் புகைக்கரி படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்கப் போகாதீர்கள். ஒரு தடவை ஈரம் பட்டுவிட்டால் அந்தக் கரி பெயிண்டுக்குள் இறங்கிவிடும், பிறகு போகாது. காய்ந்த மென்மையான பிரஷ்ஷாலோ வேக்குவம் கிளீனரை ஒட்டாமல் பிடித்தோ முதலில் எடுங்கள், சோப்புத் தண்ணீர் அதற்கப்புறம். மாஸ்க் கட்டாயம்.

பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் ஓடுமா ஓடாதா

"ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்ற ஆசைதான் எமன். 2015-ல் நானே அதைச் செய்தேன். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், வெளியே துடைத்துவிட்டு பிரிட்ஜைச் சொருகினேன். டப் என்று ஒரு சத்தம், அதோடு சரி.

பிரிட்ஜின் கம்ப்ரஸர் சீல் வைத்த பானை மாதிரி, அதற்குள் தண்ணீர் சுலபத்தில் போகாது. அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ரிலேயும் ஓவர்லோடும்தான் நனையும். மெக்கானிக் அவற்றைக் கழற்றிக் காய வைத்தோ மாற்றியோ, நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, ஒரு வாரம் பின்பக்கத்தைத் திறந்து காற்றாட விட்டிருந்தால் அந்த பிரிட்ஜ் பிழைத்திருக்கும். பாதிக்கு மேல் மூழ்கிய பிரிட்ஜ் வேறு கதை. கதவுக்கும் உடம்புக்கும் உள்ளே குளிர் போகாமல் தடுக்க அடைத்திருக்கும் பஃப் என்ற நுரை தண்ணீரைக் குடித்துவிட்டால் வாடை போகவே போகாது.

தண்ணீர் மோட்டாரை, அது தரைக்கு மேலே வைத்த மோனோபிளாக்காக (மோட்டாரும் பம்ப்பும் ஒன்றாகச் சேர்ந்தது) இருந்தால், ஓட்டிப் பார்க்காமல் கழற்றி காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சூடு காட்டி ஈரம் எடுத்துத் தருவார்கள். ஈரத்தோடு ஓட்டினால் காயில் கருகும், செலவு பல மடங்கு. போர்வெல்லுக்குள் இருக்கும் சப்மெர்சிபிள் தண்ணீருக்காகவே செய்தது, அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் ஸ்டார்ட்டர் பெட்டி சுவரில் கீழே மாட்டியிருந்தால் கெபாசிட்டரைப் பாருங்கள். வாஷிங் மெஷினில் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி, தண்ணீர் அதைத் தொட்டிருந்தால் மெக்கானிக் கை வைக்கும்வரை விட்டுவிடுங்கள். பைக், கார் விஷயத்திலும் இதேதான்: கிக்கர், செல்ப் எதையும் தொடாமல் வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம்.

சம்ப் தண்ணீர் கலங்கி இருக்கிறது, வாடை அடிக்கிறது

தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் மூடியைத் தண்ணீர் தாண்டியிருந்தால், கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அது சாக்கடை கலந்த தண்ணீர்தான். அதை மேல்தொட்டிக்கு ஏற்றிவிடாதீர்கள். ஏற்றிவிட்டால் தொட்டி, குழாய், கெய்சர் எல்லாவற்றையும் கழுவ வேண்டி வரும்.

வெளியே தெருவில் தண்ணீர் நிற்கும்போது சம்ப்பை முழுக்க இறைக்க வேண்டாம். சுற்றியுள்ள மண்ணில் ஊறிய தண்ணீரின் அழுத்தத்தில் செங்கல் சம்ப் விரிசல் விடும், பைபர் தொட்டி மேலே எழும்பிவிடும். தெரு காய்ந்த பிறகு இறைத்து, அடிச் சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்.

யாரையும் உடனே உள்ளே இறக்காதீர்கள். மூடியே கிடந்த சம்ப்பில் காற்று இருக்காது, ஒரு மூச்சில் ஆள் மயங்கிவிடுவார், தூக்கப் போகிறவரும் சேர்ந்து விழுவார். மூடியை நன்றாகத் திறந்து போட்டு, மேலே ஒருவர் கயிறோடு நின்று, அதற்கப்புறம்தான். பெட்ரோல் பம்ப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளும் மூடிய கார் நிறுத்தத்திலும் ஓட்டக் கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, உயிரை எடுத்துவிடும்.

கழுவி முடித்ததும் புதுத் தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர். பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அதையே மேல்தொட்டிக்கும் ஏற்றி எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு, ஒரு நாள் அப்படியே வையுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. மறுநாள் எல்லாவற்றையும் இறைத்துக் கொட்டிவிட்டு நிரப்பினால் புழங்கலாம். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான். பவுடர் பாக்கெட்டைத் திறந்தால் மூக்கில் ஏற வேண்டும், வாடையே இல்லாத பழைய பவுடரில் வேலை நடக்காது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒரே இடத்தில் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். ஒன்றை ஊற்றினால் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள், மற்றதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கக்கூஸில் குபுகுபுவென்று மேலே வருகிறது

செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது என்று லாரியைக் கூப்பிடத் தோன்றும். பெரும்பாலும் சுற்றியுள்ள மண் ஊறிப்போய் தண்ணீர் போக வழியில்லாததுதான் காரணம். உறிஞ்சினாலும் மறுநாளே நிறையும், காலி டேங்க் அழுத்தத்தில் கெடவும் கூடும். தெருத் தண்ணீர் இறங்கும்வரை மணல் மூட்டையைத் துணியில் சுற்றி வாய் அடைத்து வையுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடாக இருந்தால் புகார் கொடுங்கள், சென்னையில் குடிநீர் வாரியத்தின் எண் 1916. எந்தக் காரணத்துக்காகவும் ஆளை டேங்கில் இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் அதைத் தடை செய்கிறது, அதைவிட அங்கே போகப் போவது ஓர் உயிர்.

பத்திரம், சான்றிதழ், ஆல்பம், பட்டுப் புடவை நனைந்துவிட்டன

இதற்கு இரண்டு நாள்தான் கெடு. அதற்குள் காயாவிட்டால் பூசணம் பூக்கும். ஆகவே சேறு அள்ளுவதற்கு முன்பே ஒருவர் இந்த வேலையில் உட்கார வேண்டும்.

பேனா மையில் எழுதிய பழைய பத்திரத்தைக் கழுவாதீர்கள், எழுத்து ஓடிவிடும். கட்டைப் பிரிக்க முடிகிற அளவுக்குப் பிரித்து, இடையில் வெள்ளைத்தாள் வைத்து, நிழலில், தூரத்தில் பேன் ஓட. செய்தித்தாள் வைத்தால் அதன் மை ஒட்டும். தாள்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தால் இழுக்கக் கூடாது. கட்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, கரண்ட் இருக்கும் மாடி வீட்டு பிரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்து கிடக்கும்வரை பூசணம் வராது, ஆற அமரப் பிறகு பிரிக்கலாம். லேமினேட் செய்த சான்றிதழுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் ஓரத்தை வெட்டி வழியவிடுங்கள்.

போட்டோவுக்கு நேர் எதிர். ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்துவிட்டால் அவ்வளவுதான், பிரிக்கும்போது முகம் உரிந்து வரும். நல்ல தண்ணீர் ஊற்றிய தட்டில் ஊறப் போட்டு, தானாக நெகிழ்ந்ததும் ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்து, படத்தைத் தொடாமல் அலசி, முகம் மேலே பார்க்கக் காய வையுங்கள். எங்கள் கல்யாண ஆல்பத்தை அன்று மொட்டை மாடி வெயிலில் மூடியபடியே வைத்தோம். தாலி கட்டும் படத்தில் இப்போது என் மாமியாரின் கையும் அட்சதைத் தட்டும் மட்டும் மிச்சம், மேலே வெள்ளை.

பட்டுப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைக்காதீர்கள், அரக்கும் பச்சையும் ஒன்றில் ஒன்று இறங்கிவிடும். தனித்தனியாக வெறும் தண்ணீரில் அலசி, பிழியாமல், நிழலில் விரியுங்கள். வெயில் வேண்டாம்.

காணாமல் போனதைப் பற்றி அதிகம் கலங்க வேண்டாம். பதிவு செய்த பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும், பட்டாவை இணையத்தில் எடுக்கலாம். 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் சான்றிதழ் இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்தி மறுபடி வழங்கியது, அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருங்கள். நனைந்து கிழிந்த ரூபாய் நோட்டை எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம்.

கதவு மூடவில்லை, பீரோ திறக்கவில்லை

இழைப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். மரம் ஊதியிருக்கிறது, காய்ந்தால் அதுவே சுருங்கும். 2015 டிசம்பரில் தச்சரைக் கூப்பிட்டு வாசல் கதவை இழைத்தோம். ஏப்ரலில் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளி. ஒன்றிரண்டு மாதம் கயிறு கட்டிச் சமாளித்திருக்கலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஊதினால் திரும்பாது, தூக்கிப் போடுவதுதான் வழி. பஞ்சு மெத்தையும் போம் மெத்தையும் அப்படியே.

இரும்பு பீரோவின் பூட்டுக்குள் சேறு போயிருக்கும். சாவியைப் பலமாகத் திருகினால் உள்ளே ஒடியும். சாவித் துவாரத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சி, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, அரை மணி கழித்து மெல்லத் திருகுங்கள். திறந்ததும் துணிகளை அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.

சமையலறையில் எதை வைத்துக்கொள்வது

தண்ணீர் தொட்ட அரிசி, பருப்பு, மாவு, மாத்திரை எல்லாம் வெளியே. திருகு மூடி டப்பாவுக்குள் தண்ணீர் போகவில்லை என்று தோன்றினாலும் வெள்ளத் தண்ணீரில் மூழ்கியிருந்தால் நம்ப வேண்டாம். எவர்சில்வர் பாத்திரங்களைச் சோப்பு போட்டுக் கழுவிக் கொதிநீரில் முக்கி எடுத்தால் போதும்.

சுவரில் வெள்ளையாக, கறுப்பாக ஏதோ பூக்கிறது

வெள்ளை என்றால் பெரும்பாலும் உப்பு. விரலால் தேய்த்தால் பொடியாகும், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் கரையும், வாடை இருக்காது. சுவர் காய்வதற்கான அடையாளம் அது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், கழுவினால் மறுபடி உள்ளேயே போகும். கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாக, மக்கிய வாடையோடு இருந்தால் பூசணம். அதைக் காய்ந்தபடி தேய்க்கக் கூடாது, தூள் பறந்து மூச்சில் ஏறும். மாஸ்க் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வீட்டில் இளைப்பு இருப்பவர்கள் அந்த அறையில் படுக்க வேண்டாம்.

தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலேயும் ஓரடி, இரண்டடி ஓதம் ஏறும், பயப்பட வேண்டாம். உப்பிய பட்டிப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டால் சுவர் சீக்கிரம் மூச்சு விடும். கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வெளியே மழை பெய்யும் நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம்தான் உள்ளே வரும். அன்றைக்கு ஏ.சி. இருந்தால் டிரை மோடில் ஓட்டுங்கள், வெயில் வந்த நேரத்தில் எல்லாவற்றையும் திறந்து போட்டு பேன் ஓட விடுங்கள்.

பெயிண்டர் பொங்கலுக்குள் முடித்துத் தருகிறேன் என்பார். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் வைத்து ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். உட்பக்கம் வேர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை, அதன்மேல் அடிக்கும் பெயிண்ட் ஆடிக்குள் உரிந்துவிடும். 2023-க்குப் பிறகு எங்கள் கூடத்துச் சுவரில் அந்தத் தாள் பிப்ரவரியிலும் வேர்த்தது, மார்ச்சிலும் லேசாக வேர்த்தது. மே மாதம் முதல் வாரம் காய்ந்து வந்தது. அதற்கப்புறம்தான் பெயிண்ட் வாங்கினோம்.